பதினேழில் நின்ற பலகை

சுற்றுலா வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இருபத்திரண்டு வருஷமாக அவர்களுக்காகப் பலகை எழுதியே சாப்பிடுகிறவன் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் எழுதுகிறவனுக்குத்தான் தெரியும், ஒருத்தனும் படிப்பதில்லை என்பது. 'சுவரில் கிறுக்காதீர்கள்' என்று கோட்டை வாசலில் எழுதி வைத்தால், அந்தப் பலகையிலேயே ஆணியால் இதயம் வரைந்து அம்பு விட்டுவிட்டுப் போவார்கள். 'இங்கே குளிக்காதீர்கள்' என்ற பலகையில் துண்டை மாட்டிவிட்டுத்தான் குளிக்கவே இறங்குவார்கள்.

எங்கள் கரை நாற்பது கிலோமீட்டர். ஒரு கோடியில் கலங்கரை விளக்கம், மறுகோடியில் குகை, இடையில் கிளிஞ்சல் கடற்கரை, இடிந்த கோட்டை, கரும்பாறை. மொத்தம் நூற்றுப் பதினொரு பலகைகள். உப்புக் காற்றுக்கு இரும்பும் ஒன்றுதான் பிஸ்கட்டும் ஒன்றுதான், வருஷா வருஷம் சுரண்டி மறுபடி எழுத வேண்டும். சுற்றுலா ஆபீஸில் அந்த வேலைக்கு இருக்கிற ஒரே ஆள் நான்.

ஒரே ஒரு பலகையை மட்டும் எல்லோரும் நின்று படிப்பார்கள். கோட்டையின் கடல் வாசலிலிருந்து கரும்பாறைக்கு இறங்கும் படியின் தலைப்பில் இருப்பது. 'எச்சரிக்கை. இந்தப் பாறையிலிருந்து விழுந்து இதுவரை 17 பேர் இறந்திருக்கிறார்கள்.' அந்த 17 மட்டும் தனித் தகடு, இரண்டு திருகாணி போட்டது. எண் ஏறினால் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். தகட்டின் மூலையில் அது மாட்டப்பட்ட வருஷத்தைச் சின்னதாகப் போடுவது என் வழக்கம். மறு வர்ணம் பூசினாலும் அந்த வருஷத்தை மாற்ற மாட்டேன். தொழில் சுத்தம் என்று நினைப்பு.

அந்தப் பதினேழு பொய். பச்சைப் பொய் இல்லை, காகிதம் வைத்துக்கொண்டு சொல்கிற பொய். பிணம் எந்தக் கரையில் ஒதுங்குகிறதோ அந்தக் கரையின் கணக்கு, இதுதான் ஆபீஸ் சட்டம். முன்பெல்லாம் பாறையில் விழுந்தவர்கள் இரண்டொரு நாளில் பாறையடிக்கே வந்துவிடுவார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் படகுத்துறைக்காகக் கடலுக்குள் ஒரு தடுப்புச் சுவர் கட்டினார்கள். நீரோட்டம் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு விழுந்தவர்கள் எல்லாம் ஆறு கிலோமீட்டர் தள்ளி, பக்கத்து நகராட்சியின் மணல்கரையில் போய் ஒதுங்கினார்கள். கணக்கு அங்கே ஏறியது. இங்கே பதினேழு பதினேழாகவே நின்றது. அந்த மணல்கரையில் பலகையே கிடையாது, ஏனென்றால் அங்கே விழுவதற்குப் பாறையே கிடையாது.

போன வருஷம் வரைக்கும் அப்படிப் போனவர்கள் எட்டுப் பேர். எனக்குத் தெரியாமல் இருக்குமா? ஒவ்வொரு தடவையும் படியை மறித்துக் கயிறு கட்டுவதும் நான்தான், நாலு நாள் கழித்து அவிழ்ப்பதும் நான்தான். முதல் ஆள் போனபோது 18 என்று தகடு எழுதிக்கொண்டு போய் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தேன்.

"பேப்பர்ல இந்த இடம்னு இருக்கா? இல்லல்ல? அப்புறம் என்னய்யா. நீ பெயின்டரா போலீஸா?" என்றார்.

தகட்டை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றும் இல்லை. அதற்குப் பிறகு செத்தவர் வீட்டிலிருந்து யாராவது தேடி வந்து, எங்க ஆளையும் சேத்து எழுதுங்க என்று கேட்டால், சூப்பர்வைசர் வரைக்கும் போகவே விடாமல் நானே பதில் சொல்லப் பழகிக்கொண்டேன். "ரூல்ஸ் இல்லீங்க."

இந்த வருஷம் போனவன் என் அக்கா மகன்.

வாலு என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். சின்ன வயசுச் சேட்டைக்கு வைத்த பெயர், இருபத்தாறு வயசிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா இல்லாமல் வளர்ந்தவன். மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் சொந்த ஊரில் ஒரு வேலையிலும் நிலைக்காமல் திரிந்தான். அக்கா போனில் அழுதாள் என்று நான்தான் இங்கே வரவழைத்து, சுற்றுலா வேன் ஓட்டுகிற கம்பெனியில் சேர்த்துவிட்டேன். பயல் நாலே மாதத்தில் கரை முழுவதையும் தலைகீழாகப் பாடம் பண்ணிவிட்டான். வேனில் ஆட்கள் ஏறியதும் முதல் பேச்சே, "இந்தக் கரையில நீங்க படிக்கப்போற எழுத்தெல்லாம் எங்க மாமா எழுத்து" என்பதுதான். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

பாறைக்கு வந்தால் தகட்டின் மூலையைத் தொட்டுக் காட்டுவான். "ஒன்பது வருஷமா நம்பர் ஏறவே இல்ல பாத்தீங்களா? பாறைக்கு வயசாயிடுச்சு, பல்லு போயிடுச்சு" என்பான். ஒரு நாள் என் எதிரிலேயே சொன்னான். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருடா" என்று அதட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். தனியாகக் கூப்பிட்டு, டேய், அது நான் எழுதின பொய்டா என்று சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். எங்க மாமா எழுத்து என்று அவன் சொல்லும்போது ஒரு சுகம் இருந்தது. அதை விட மனசு வரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு குடும்பத்தைப் போட்டோ எடுத்தான். கோட்டை வளைவு முழுசாகப் படத்தில் விழ வேண்டும் என்று பின்னாலேயே நடந்து பாறையின் கீழ்த்தட்டில் இறங்கியிருக்கிறான். ஓர் அலை வந்தது. போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றவர்கள் சிரிப்பை மாற்றுவதற்குள் எதிரே ஆள் இல்லை. மூன்றாம் நாள் மணல்கரையில் கிடைத்தான். நான்தான் போய் அடையாளம் காட்டினேன். சான்றிதழில் இறந்த இடம் என்று அந்த மணல்கரையைத்தான் போட்டிருந்தார்கள்.

ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய நாளிலிருந்து அக்கா தினமும் போன் செய்தாள்.

"போர்டுல அவன சேத்துட்டியாடா?"

"செய்றேன்கா."

"பதினெட்டுன்னு எழுது. பாத்துட்டு ஒருத்தனாவது திரும்பிப் போனா, என் புள்ள போனதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்."

அவளுக்கு என்னவென்று பதில் சொல்வது? பதினெட்டு என்று எழுதினால் அவள் மனசு ஆறும். உள்ளபடி எழுதினால் இருபத்தாறு. எழுதிய மறு நிமிஷம், நடுவில் இருந்த எட்டுப் பேர் எங்கேடா என்று கேட்பாள். கேட்டால், அவள் பிள்ளையைப் பயமில்லாமல் பாறைக்கு இறங்க வைத்தது என் எழுத்துதான் என்பது தெரிந்துபோகும். எனக்குக் கல்யாணம் காட்சி இல்லை. உலகத்தில் எனக்கு என்று மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான். சூப்பர்வைசரிடம் போய் நின்றேன், அவர் வழக்கமான பதிலைச் சொன்னார். வீட்டுக்கு வந்து யாருக்கும் சொல்லாமல் 18 என்று தகடு எழுதி, இந்த வருஷத்தை மூலையில் போட்டு, காய வைத்தேன்.

அக்கா விடிகாலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. மூன்று வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தாள்.

"வீட்டுக்கெல்லாம் வரலடா. நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்பணும். அவன் ஜனங்கள எங்கெல்லாம் கூட்டிட்டுப் போனானோ அந்த இடமெல்லாம் பாக்கணும். அதே வேன்லதான் போகணும். நீ அந்த நம்பர மாத்தறத என் கண்ணால பாத்துட்டுப் போறேன்."

"ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்து, "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்கா" என்று முடித்தேன்.

எட்டு மணிக்கு வேன் கிளம்பியது. டிரைவர் புது ஆள், சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது, எங்கள் இருவரையும் தெரியாது. நாங்கள் அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒருவர், அவர் மனைவி, எட்டு வயசில் ஒரு பெண் குழந்தை. கடைசியில் நாலு கல்லூரிப் பெண்கள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள் தொங்கியது. அக்கா அதையே பார்த்தாள். நீலப் பேனாவில் கோணல் கோணலான எழுத்து. யாருடைய எழுத்து என்று இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"அது என்னங்க?" என்று டிரைவரிடம் கேட்டாள்.

"எங்கெங்க என்ன பேசணும்னு எழுதியிருக்கும்மா. முன்னாடி இருந்த டிரைவர் எழுதினது, கம்பெனில இதையே எல்லாருக்கும் குடுத்துட்டாங்க. பாவம், மணல்கரையில குளிக்கப் போய் செத்துட்டாராம்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "குளிக்கவா?" என்று உதடு மட்டும் அசைந்தது. நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

கலங்கரை விளக்கத்தில் டிரைவர் தாளைக் கழற்றி எடுத்துக்கொண்டு எங்களை வட்டமாக நிற்கவைத்தார். "நூத்தி அறுபத்தெட்டு படி. ஏறினா கடல் எங்க இருக்குன்னு தெரியும், இறங்கினா முட்டி எங்க இருக்குன்னு தெரியும்." எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டாள். சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

"இத என்கிட்ட போன்ல சொன்னான்டா. சொல்லிட்டு அவனே சிரிச்சான்."

வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல நூற்று அறுபத்தெட்டுப் படியும் ஏறினாள். நடுவில் நாலு இடத்தில் உட்கார்ந்தாள். மேலே போய் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அவன் நின்ற இடத்தில் நின்றுவிட்டால் போதும், கீழே இறங்கலாம் என்றாள்.

கிளிஞ்சல் கடற்கரையில் மற்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். நாங்கள் மணலில் நின்றோம். அன்றைக்குப் பார்த்து வானம் துடைத்து விட்டது மாதிரி இருந்தது, தண்ணீர் அடிமணல் தெரிகிற பச்சை. கல்லூரிப் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி தண்ணீர் இறைத்துக் கூச்சல் போட்டார்கள். "இவ்ளோ அழகா இருக்கே, பாவி" என்று அக்கா கடலைத் திட்டினாள். தொப்பிக்காரரின் குழந்தை ஓடிவந்து ஒரு கிளிஞ்சலைக் காட்டி, "பாட்டி, இது உயிரோட இருக்கா?" என்று கேட்டது. "இல்லடி கண்ணு, ஓடுதான்" என்றாள் அக்கா.

கோட்டைக்குப் போகும்போது பதினொன்றரை. கூரை என்று எதுவும் மிச்சமில்லாத கோட்டை. பீரங்கி வைத்த துவாரங்கள், இடுப்பளவு நிற்கும் அறைச் சுவர்கள், கைதிகளை அடைத்த நாலு குழி அறைகள். "இந்தக் கோட்டைய எந்த எதிரியாலயும் புடிக்க முடியல. உப்புக் காத்துதான் புடிச்சுது" என்று டிரைவர் தாளிலிருந்து படித்தார். சுவர் முழுக்கப் பெயர்கள். காதலித்தவன், பரீட்சை எழுதியவன், சும்மா வந்தவன் என்று ஆயிரக்கணக்கில் ஆணியால் கீறி வைத்திருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

அக்கா ஒரு சுவரின் மூலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பெயராக விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனாள்.

"என்னக்கா தேடற?"

"அவனும் எங்கயாவது எழுதியிருப்பான்ல? நாலு மாசம் தினமும் வந்திருக்கானே."

நானும் தேடினேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு கிறுக்கலாவது இருந்து தொலையக் கூடாதா என்று தேடினேன். கைதி அறை வரைக்கும் பார்த்துவிட்டோம். இல்லை.

வாசலில் இருந்த என் பலகையை அக்கா அப்போதுதான் பார்த்தாள். "ஓ, நீ எழுதக் கூடாதுன்னு எழுதியிருக்கியா? அப்ப எப்படி எழுதுவான். உன் எழுத்துன்னா அவனுக்கு வேதவாக்குடா. எங்க மாமா எழுதினாருன்னா அது சரியாத்தான் இருக்கும்னு போன்ல சொல்லுவான்" என்றாள். எனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போனேன்.

மற்றவர்கள் கோட்டையில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் முன்னதாகவே கடல் வாசலுக்குப் போனோம். படியின் தலைப்பில் பலகை நின்றது. கீழே கரும்பாறை, அகலமாக, தட்டையாக, கல்யாணப் பந்தி போடலாம் போல. அக்கா பாறையைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். திருகாணி துருவேறி இறுகியிருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, ஒரு வழியாகத் திருகி எடுத்து, 17-ஐக் கழற்றிப் பையில் போட்டு 18-ஐ மாட்டினேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு எண் ஏறியது.

அக்கா அந்த எட்டின் மேல் விரலால் தடவினாள். "நல்லா எழுதியிருக்கடா. இப்பத்தான் எனக்கு மூச்சு வருது." விரலை எடுக்காமலே, "நீ இல்லன்னா இந்தக் காரியத்த யாரு செய்வா எனக்கு?" என்றாள்.

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. இந்த அளவில் முடிந்தது, நாலு மணிக்கு பஸ் ஏற்றிவிட்டால் போதும், அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில்தான் தோன்றின.

அதற்குள் டிரைவர் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெயில் தாளில் பட்டுப் பளபளத்தது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்து விடாமல் படித்தார். "கரும்பாறை. இங்கே பலகையைக் காட்டவும். ஒன்பது வருஷமா நம்பர் ஏறவே இல்ல. பாறைக்கு வயசாயிடுச்சு, பல்லு போயிடுச்சு. சிரிப்பு வரும்." கடைசி இரண்டு வார்த்தை வாலு தனக்காகக் குறித்து வைத்தது. அதையும் சேர்த்து அவர் படித்ததில் கல்லூரிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அக்காவின் முகம் வெளுத்தது. "இது அவன் எழுதினதா?" என்று என்னைக் கேட்டாள்.

டிரைவர் தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார். "அட, பதினெட்டு ஆயிருக்கே. நேத்து பதினேழுதான இருந்துது?"

தொப்பிக்காரர் கிட்ட வந்து மூலையில் இருந்த வருஷத்தைப் படித்தார். "ஒன்பது வருஷத்துல ஒண்ணுதான? எங்க தெருமுனையிலயே வருஷத்துக்கு ரெண்டு பேரு அடிபட்டுச் சாவறாங்க" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார்.

அக்கா குறுக்கே போய் நின்றாள். "போகாதீங்க. அந்த ஒண்ணு என் புள்ளைங்க."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். நல்ல மனுஷன்தான், முகம் வாடிவிட்டது. "மன்னிச்சுக்கோங்கம்மா, தெரியாம பேசிட்டேன்" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நாங்க ஓரத்துக்குப் போகலம்மா. மேல்தட்டுலயே ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடறோம். பாருங்க, அலையே இல்ல" என்று அவளைப் பக்குவமாக விலக்கிவிட்டுப் போனார். குழந்தை அவருக்கு முன்னால் இரண்டு இரண்டு படியாகக் குதித்தது.

பதினெட்டு யாரையும் நிறுத்தாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாலுவுக்குத் தைரியம் கொடுத்தது எதுவோ, அதையே புது வர்ணத்தில் எழுதி மாட்டியிருக்கிறேன். அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீயாவது சொல்லேன்டா! நீ ஆபீஸ் ஆளு, நீ சொன்னா கேப்பாங்க!"

"சார், நில்லுங்க!" என்று கத்தினேன். "பதினெட்டு இல்ல, இருபத்தாறு! இந்த ஒன்பது வருஷத்துல மட்டும் ஒன்பது பேரு!"

பாறையில் காலை வைத்தவர் திரும்பினார். "யாரு சொன்னா?"

"இந்த போர்ட எழுதறவனே நான்தான் சார். பொய்யா எழுதி வச்சிருக்கேன். கல்யாணமாகி பதினோரு நாள் ஆன ஒரு ஜோடி, ரெண்டு பேரும். ஒரு ஸ்கூல் டீச்சர். லீவு நாள்ல வந்த ஒரு நர்ஸ். ரிட்டயர் ஆன ஒரு போஸ்ட்மேன். கேமராவோட வந்த ஒரு காலேஜ் பையன். அப்புறம் ஒரு ஆறு வயசுக் குழந்தை, அதப் புடிக்கக் குதிச்ச அதோட அப்பா. அந்தக் குழந்தை நின்னது மேல்தட்டுலதான் சார். அன்னிக்கும் அலை இல்ல."

அவர் குழந்தையை இழுத்த வேகத்தில் அது அழுதுவிட்டது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தார். என்னைத் தாண்டும்போது ஒரு பார்வை பார்த்தார். பொதுவாக அப்படிப் பார்க்கிறவர்களை நான்தான் முறைப்பேன். அன்றைக்குக் கீழே குனிந்துகொண்டேன். டிரைவர் தாளைச் சுருட்டிக்கொண்டு எல்லோரையும் வேனுக்குக் கூட்டிப்போனார்.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எட்டுப் பேரா? என் புள்ளைக்கு முன்னாடியே?"

"ஆமாக்கா."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அவனுக்கு?"

"அவன் போர்டத்தான்கா நம்பினான்."

தடுப்புச் சுவரைக் காட்டினேன். நீரோட்டம், மணல்கரை, நகராட்சி, காகிதம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் சூப்பர்வைசர் குரல் மாதிரி கேட்டது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ரூல்ஸெல்லாம் நான் கேக்கலடா. செத்தவங்க வீட்டுலருந்து யாராவது வந்து உன்கிட்ட கேட்டாங்களா? நான் கேட்ட மாதிரி?"

"வந்தாங்க."

"யாரு?"

"அந்த டீச்சரோட அம்மா. ரெண்டு தடவ வந்தாங்க."

"என்ன கேட்டா?"

"நீ கேட்டதத்தான்கா. ஒரு நம்பர் ஏத்துங்க, பாத்துட்டு ஒருத்தராவது திரும்பிப் போவாங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ரூல்ஸ் இல்லன்னு சொன்னேன்."

கீழே தண்ணீர் பாறையை நக்கிக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தது. அவள் கேட்டபோது குரலில் கோபம்கூட இல்லை.

"அன்னிக்கு அந்தம்மாவுக்கு நீ ஏத்தியிருந்தா, என் புள்ள அதப் பாத்திருப்பான்ல?"

"பாத்திருப்பான்கா."

"எனக்கு மட்டும் ஏன் ஏத்தின?"

"நீ என் அக்கா."

"அதுவும் பொய்யாத்தான ஏத்தின."

சின்ன வயசில் என்னை எத்தனையோ தடவை அடித்திருக்கிறாள். அன்றைக்கு அடித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எழுது" என்றாள்.

தகட்டைக் கழற்றித் திருப்பி, பின்பக்கத்தை வேட்டி முனையால் துடைத்தேன். பையில் சின்ன டப்பாவில் சிவப்பு வர்ணம் இருந்தது. முதலில் போட்ட 2 கோணிவிட்டது, துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன். 26. அவள் பக்கத்திலேயே நின்று, வர்ணம் காய்கிற வரை இருந்து, நான் திருகாணியை முடுக்கி முடித்ததும்தான் நகர்ந்தாள். நான் கை கொடுத்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே ஏறினாள்.

குகைக்குப் போக வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். திரும்பும் வழியில் அக்கா முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, தாளைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சூப்பர்வைசரிடமிருந்து எனக்கு நாலு போன் வந்தது, எடுக்கவில்லை.

பஸ் நிலையத்தில் இறங்கும்போது மூன்றே முக்கால். மூன்று பஸ்கள் நின்றிருந்தன. நடுவில் நின்றது எங்கள் ஊர் பஸ், நெற்றியில் ஊர்ப் பெயர் முழ அகலத்துக்கு எழுதியிருந்தது. அக்காவுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும்.

"அக்கா, அதோ, அதுதான் நம்ம பஸ்" என்றேன்.

என் பக்கம் திரும்பவே இல்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாலு எட்டு நடந்து, தூணில் சாய்ந்து நின்ற முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் போனாள்.

"தம்பி, மலையடிவாரம் போற பஸ் எதுப்பா?"

அந்த ஆள் நான் காட்டிய பஸ்ஸையே காட்டினான். "அதாம்மா. முன்னாடி எழுதியிருக்கே, பாருங்க."

"எழுதியிருக்கறது இருக்கட்டும் தம்பி. நீ சொல்லு. அங்க போகுமா?"

"போகும்மா" என்றான் அவன்.

அக்கா போய் ஏறிக்கொண்டாள்.